அத்தியாயம் 6: தோற்ற அணிக்கும் அடுத்த ஞாயிறு ஆட்டம்

பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் நாக்-அவுட் டோர்னமென்ட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மைக் செட், சுழற்கோப்பை, முதல் பரிசுத் தொகையைப் பெரிதாக எழுதிய ஃப்ளெக்ஸ். பதினாறு அணிகள் வரும். முதல் சுற்று முடியும்போது எட்டு அணிகள் வேனில் ஏறியிருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டி, விடியற்காலை எழுந்து வந்த பதினொரு பேரில் நான்கைந்து பேர் மட்டையைத் தொட்டிருக்க மாட்டார்கள். பந்தும் கைக்கு வந்திருக்காது. அவர்களுக்கு அடுத்த ஆட்டம் அடுத்த வருடம்தான்.

கணக்கு இதுதான். 16 அணி நாக்-அவுட்டில் மொத்தம் 15 ஆட்டங்கள். 8 அணி லீக்கில் 28 ஆட்டங்கள். எந்த அணியாக இருந்தாலும் ஏழு ஞாயிறு ஆடும். ஏழையும் தோற்கிற அணிக்கும் ஏழு ஆட்டம் உண்டு. உங்கள் வட்டாரத்தில் லெதர் பந்து கிரிக்கெட் வேரூன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டால், பரிசுப் பணம் தேடி அலைவதை நிறுத்திவிட்டு ஒரு லீக் தொடங்குங்கள். நான் பதினான்கு சீசன் இப்படி ஒரு சிறு லீக்கின் செயலாளராக இருந்தேன். எந்த விதி எழுத உட்கார்ந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: பட்டியலில் கடைசியில் இருக்கிற அணி, இந்த விதியால் அடுத்த ஞாயிறு வருமா, வராமல் போகுமா? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

லீக் என்ற ஏற்பாடே வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் வட்டார லீக் 1888-லும், லங்காஷயர் லீக் 1892-லும் உருவாயின. நெல்சன், பர்ன்லி, அக்ரிங்டன் என்று லங்காஷயர் லீக்கின் ஊர்கள் எல்லாம் பஞ்சாலை ஊர்கள். சனிக்கிழமை மதியம் ஆலை விட்டதும் மைதானத்துக்கு வருகிற தொழிலாளிகள் பார்க்கவும் ஆடவும் ஓர் அரை நாளில் முடிகிற ஆட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நம் பக்கம் சென்னையில் பல டிவிஷன்களாக நடக்கும் லீக்கும் அதே குடும்பம்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜன், 2010-11 சீசனில் சென்னையில் ஆடத் தொடங்கியது நான்காம் டிவிஷனில். பத்து வருடம் கழித்து ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கீழ் டிவிஷன் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவர் எங்கே போய் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எந்த மாதம்?

எட்டு அணி போதும். பத்துக்கு மேல் போகாதீர்கள். பத்து என்றாலே 45 ஆட்டம், மைதானம் கிடைக்காது.

காலண்டரை எடுக்கும்போது பஞ்சாங்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் விழுந்தால் எந்த அணிக்கும் பதினொரு பேர் சேராது. ஒருவனுக்கு அக்கா மகள் கல்யாணம், இன்னொருவன் அங்கே பந்தி பரிமாறப் போயிருப்பான், மூன்றாமவன் வீடியோ எடுக்கிறவன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அதனால் ஆனி, ஆடியில் ஏழு சுற்றையும் முடித்து, ஆவணியில் முகூர்த்தம் இல்லாத இரண்டு ஞாயிறு பார்த்து அரையிறுதியும் இறுதியும் வைப்பது எங்கள் வழக்கம். வடகிழக்குப் பருவமழை வரும்முன் எல்லாம் முடிந்திருக்கும். தென்காசி, தேனி, கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அங்கே அந்த மாதங்களில் சாரல். அவர்கள் தை கடைசியில் தொடங்கலாம். மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எங்கே இருந்தாலும் கத்திரி வெயிலில் மதிய ஆட்டம் வைக்காதீர்கள்.

ஆடியில் ஒரு தொந்தரவு உண்டு: காற்று. பிட்ச்சில் விரிக்கும் கயிற்று மேட்டைத் தூக்கிவிடும். ஆணி கூடுதலாக வாங்கி வையுங்கள். அம்மன் கோயில் கொடை எந்த ஊரில் எந்த ஞாயிறு என்று ஒவ்வொரு கேப்டனிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு, அன்று அந்த ஊர் அணிக்குக் காலை ஆட்டமாகப் போட்டுவிடலாம்.

ஒரு இன்னிங்ஸ் 30 ஓவர். நம் ஆட்கள் ஓர் ஓவருக்கு நாலரை நிமிடம் எடுப்பார்கள். ஆக ஒரு இன்னிங்ஸ் 2 மணி 15 நிமிடம். இடையில் 20 நிமிடம். காலை 7 மணிக்கு முதல் பந்து விழுந்தால் 11.50-க்கு முடியும். 12.30-க்கு அடுத்த ஆட்டம், 5.20-க்கு முடியும். இரண்டு மைதானம் இருந்தால் ஒரே நாளில் ஒரு முழுச் சுற்று, நான்கு ஆட்டமும் ஆடிவிடலாம்.

அட்டவணை போடும் முறை சுலபம். 1-ஆம் எண் அணியை அப்படியே நிறுத்திவிட்டு மற்ற ஏழையும் கடிகாரம் போலச் சுற்றுங்கள். முதல் சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4. இப்படியே ஏழு சுற்றும் எழுதினால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோதியிருப்பார்கள். அணிகள் ஒற்றைப்படையாக இருந்தால் ‘ஓய்வு’ என்று ஓர் அணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்களைக் குலுக்கல் சீட்டில், எல்லா கேப்டன்கள் முன்னிலையில் எடுங்கள். வீட்டில் உட்கார்ந்து போட்ட அட்டவணை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒருவராவது சந்தேகப்படுவார்.

வராத அணி

லீக்கைக் கொல்லும் நோய் வாக்ஓவர். முதல் மூன்று ஆட்டம் தோற்ற அணி நான்காம் ஞாயிறு வராது. எதிரணிக்கு இரண்டு புள்ளி கிடைத்தாலும் அவர்கள் ஆட வந்தவர்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். இரண்டு வாரம் இப்படி நடந்தால் மூன்றாவது அணிக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

நான் கண்ட மருந்து, வியாழக்கிழமை இரவு ஒரு போன். வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. எட்டு கேப்டனையும் கூப்பிட்டு, “எத்தனை பேர் வர்றீங்க தம்பி?” என்று கேளுங்கள். “ஏழு பேர்தாண்ணே இருக்கோம்” என்றால், வெள்ளியும் சனியும் கையில் இருக்கிறது. பதிவுப் பட்டியலில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்க நேரம் உண்டு. ஞாயிறு காலை தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் பதினொருவருக்குக் குறைவாகவும் ஆடலாம் என்று கிரிக்கெட் விதியே சொல்கிறது. எங்கள் லீக்கில் எட்டுப் பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தோம். எட்டுப் பேரோடு ஆடிய ஓர் அணி ஜெயித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் சில விதிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு ஒரு முறை தேதி மாற்றும் உரிமை. புதன்கிழமைக்குள் கேட்க வேண்டும். சேரும்போது ஒரு காப்புத் தொகை. சொல்லாமல் வராவிட்டால் அதிலிருந்து அன்றைய பந்து, மைதானச் செலவை எதிரணிக்குக் கொடுத்துவிடுவது. வராத அணியின் ரன் ரேட்டில் 30 ஓவரில் பூஜ்யம் எடுத்ததாகச் சேர்ப்பது; வந்த அணியின் ரன் ரேட்டைத் தொடாமல் விடுவது. பாதி ஆட்டம் ஆடுவதற்குள் ஓர் அணி விலகினால் அதன் எல்லா முடிவுகளையும் நீக்குங்கள். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் மிச்ச எதிரணிகளுக்குப் புள்ளி கொடுங்கள். இரண்டு முறை வராத அணியை உடனே வெளியே தள்ள வேண்டும் என்று சிலர் குதிப்பார்கள். நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் வேனுக்குப் பணம் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அவர்கள் ஊருக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு ஆட்டத்தை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இரவல் ஆட்டக்காரர்

டவுனிலிருந்து பெரிய டிவிஷன் ஆடுகிறவர்களைக் கெஸ்ட்டாகக் கூட்டிவந்து இறக்குவது அடுத்த வியாதி. முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். லங்காஷயர் லீக்கில் ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரர் என்பது நெடுங்கால வழக்கம். வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் 1929-ல் நெல்சன் கிளப்புக்கு வந்தது அப்படித்தான். 1937 வரை இருந்தார். மற்ற பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள். அந்த ஒரு பெரிய ஆட்டக்காரரின் பந்தை எதிர்கொண்டு ஆடுவதே உள்ளூர்ப் பையனுக்குப் பள்ளிக்கூடம். அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்: அணிக்கு ஒருவர். பதிவுப் பட்டியல் 18 பேர். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு புதுப் பெயர் சேர்க்கக் கூடாது. லீக்கில் மூன்று ஆட்டமாவது ஆடாதவர் அரையிறுதியில் இறங்கக் கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

இன்னொன்று. டாஸ் போடும் முன் பதினொரு பெயரையும் எழுதி கேப்டன் அம்பயரிடம் கொடுக்க வேண்டும். இதுவும் கிரிக்கெட் விதியிலேயே இருப்பதுதான். எங்கள் மூன்றாம் சீசன் அரையிறுதியில் நாங்கள் அந்தச் சீட்டை வாங்கவில்லை. பதிவில் இல்லாத ஒருவர் ஆடினார் என்று தோற்ற அணி சொன்னது. அவர் பன்னிரண்டாவது ஆளாக ஃபீல்டிங்குக்கு மட்டும் வந்தார் என்று ஜெயித்த அணி சொன்னது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருட்டும்வரை கத்தினார்கள். ஆட்டத்தைத் திரும்ப வைத்தோம். இரண்டு அணிகளில் ஒன்று மறு வருடம் சேரவே இல்லை. அந்த அணியை இழந்ததற்கு நான்தான் பொறுப்பு.

மேட்டும் பந்தும்

புல் பிட்ச் நமக்குக் கட்டுப்படியாகாது. கயிற்று மேட் போதும். அகலம் 6 அடிக்குக் குறையக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் தரையைத் தண்ணீர் விட்டு நனைத்து, மறுநாள் காலை ஈரம் சுண்டியதும் ரோலர் இழுத்து, அதன்மேல் மேட் விரியுங்கள். நான்கு பேர் நான்கு மூலையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆணி அடிக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இடத்தில் பந்து எகிறும், பல் போகும்.

கோடு போடுவதற்குக் கொத்தனார் முறையே சிறந்தது. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. மூலைமட்டம் பார்க்க 3 அடி, 4 அடி, 5 அடி நூல் முக்கோணம். ஸ்டம்பின் நடுவிலிருந்து 4 அடி முன்னால் பாப்பிங் கிரீஸ். இது நான்கு விரற்கடை தள்ளிப்போனாலும் நோ-பாலும் ரன்-அவுட்டும் தப்பாகிவிடும்.

பந்துக்கு வருவோம். 28 லீக் ஆட்டம், மூன்று நாக்-அவுட் ஆட்டம். இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 62. தொலைவதற்கும் கிழிவதற்கும் பத்து சேர்த்தால் 72, அதாவது ஆறு டஜன். சீசன் தொடங்கும்முன் மொத்தமாக வாங்கி, எல்லா ஆட்டத்துக்கும் லீக்கே கொடுங்கள். அணிகளைக் கொண்டுவரச் சொன்னால் பணம் இல்லாத அணி மலிவான பந்தோடு வரும். நான்கு துண்டுத் தோலில் தைத்த பந்தே வாங்குங்கள்; இரண்டு துண்டுப் பந்து வலைப் பயிற்சிக்கு.

வாங்கியதை எடை போட்டுப் பார்க்கவும் தவறாதீர்கள். விதிப்படி பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை. ஒரு வருடம் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, சந்தேகம் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மின்தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். “160… 162… தம்பி, இது 171 காட்டுதே.” அடுத்தது 174. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பந்து ஹெல்மெட் இல்லாத பதினைந்து வயதுப் பையனின் தாடையில் பட்டால் தெரியும். கனமான பந்துகளைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தோம். 18 வயதுக்குக் குறைந்த யாரும் ஹெல்மெட் இல்லாமல் கிரீஸுக்குப் போகக் கூடாது என்ற விதியை அந்த வருடம்தான் எழுதினோம். இதில் யார் கெஞ்சினாலும் இளகாதீர்கள். இடிக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: சத்தம் கேட்டதும் எல்லோரும் மைதானத்தை விட்டு ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே திரும்பலாம்.

அம்பயர், ஸ்கோரர்

பேட்டிங் அணியின் ஆட்களே அம்பயராக நிற்கும் லீக்கில் எல்.பி.டபிள்யூ. என்ற அவுட்டே இருக்காது. பணம் இருந்தால் மாவட்ட சங்கத்தின் தேர்வு எழுதிய இருவரை அழையுங்கள். இல்லாவிட்டால் காலை ஆட்டத்துக்கு மதிய அணிகளிலிருந்து ஆளுக்கொருவர், மதிய ஆட்டத்துக்குக் காலை அணிகளிலிருந்து ஆளுக்கொருவர். பழைய ஆட்டக்காரர்களை இந்த வேலைக்கு இழுங்கள். இந்தியக் கேப்டனாக இருந்த நம் வெங்கட்ராகவனே பிறகு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார். நாற்பது தாண்டி முட்டி வலிக்கிறது என்று ஒதுங்கியவரிடம் வெள்ளைச் சட்டையைக் கொடுத்துப் பாருங்கள். அவர் மைதானத்துக்குத் திரும்பி வரும் மகிழ்ச்சி தனி.

ஸ்கோரர் இரண்டு பேர், ஒரே பெஞ்சில். செயலியில் பதிவு செய்வது நல்லதுதான். பையன்கள் தங்கள் ரன் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஆனால் காகிதப் புத்தகம் கட்டாயம் வேண்டும். ஏன் என்று ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதல் அணி 142. இரண்டாம் அணி 30 ஓவர் முடிவில் பலகையில் 142. டை என்று கைகுலுக்கினார்கள். வேப்பமரத்தடியில் இரண்டு பையன்கள் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பேட்ஸ்மேன்கள் எடுத்தது 126. எக்ஸ்ட்ரா: வைடு 6, நோ-பால் 2, பை 3, லெக்-பை 5; ஆக 16. மொத்தம் 142. சரிதான். பிறகு கீழே பௌலர் பகுதியைக் கூட்டினார்கள். பௌலர்கள் கொடுத்தது 135. அதோடு பை 3, லெக்-பை 5 சேர்த்தால் 143. ஒரு ரன் உதைக்கிறது. பௌலர் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 17-வது ஓவரில் ஆறு குறிக்குப் பதில் ஏழு குறி. அந்த ஓவரில் ஒரு வைடு போயிருக்கிறது. பௌலர் கட்டத்தில் ஏறிய வைடு எக்ஸ்ட்ரா கட்டத்தில் ஏறவில்லை. மற்றவர் புத்தகத்திலும் அந்த ஏழாவது குறி இருந்தது. அம்பயர்கள் இருவரும் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். 143, இரண்டாம் அணிக்கு வெற்றி. மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டி ஒத்துப் பார்க்க வேண்டும் என்று முதல் சீசனிலேயே சொல்லிக்கொடுத்திருந்ததால் யாரும் குரல் உயர்த்தவில்லை. அந்த இரண்டு பையன்களுக்கும் இறுதி ஆட்டத்தன்று கோப்பை கொடுத்தோம்.

புள்ளிப் பட்டியல்

வெற்றிக்கு 2, டை ஆனாலோ மழையில் நின்றாலோ ஆளுக்கு 1. இரண்டு அணிகள் சமமாக நின்றால் அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் மேலே. அதற்கும் பிறகுதான் நெட் ரன் ரேட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரன் ரேட்டை முன்னால் வைத்தால் பலமான அணிகள் கடைசி அணியை 30 ஓவரும் போட்டுத் துவைக்கும். துவைக்கப்பட்ட அணி அடுத்த வாரம் வராது.

ரன் ரேட் கணக்கில் இரண்டு தவறுகள் வருடா வருடம் வரும். ஓர் அணி 22 ஓவரில் 120-க்கு ஆல் அவுட் என்றால் வகுக்க வேண்டியது 22-ஆல் அல்ல, முழு 30-ஆல், ரேட் 4.00. எதிரணி 20.3 ஓவரில் 121 எடுத்தால், 20.3 என்பது இருபது ஓவரும் மூன்று பந்தும், அதாவது இருபதரை. 121-ஐ 20.5-ஆல் வகுத்தால் 5.90. 20.3-ஆல் வகுத்தால் 5.96 என்று தப்பாக வரும். இந்தச் சிறு வித்தியாசத்தில் அரையிறுதி இடம் போயிருக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் ரேட் எடுத்துச் சராசரி போடவும் கூடாது. சீசன் முழுக்க எடுத்த ரன்னையும் ஆடிய ஓவரையும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

மழைக்கு டக்வொர்த்-லூயிஸ் வேண்டாம். நம் அளவுக்கு அது பாரம். ஓவரைக் குறையுங்கள், இரண்டாம் அணி 15 ஓவராவது ஆடியிருந்தால் சராசரி ரேட்டில் முடிவு, இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு புள்ளி.

சண்டையும் கணக்கும்

எந்த அணியிலும் ஆடாத மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும்; ஒருவர் உடற்கல்வி ஆசிரியராக இருந்தால் நல்லது. புகார் எழுத்தில், 24 மணி நேரத்துக்குள். அவுட்டா இல்லையா என்ற அம்பயர் தீர்ப்பின் மேல் புகார் கிடையாது. மைதானத்தில் அத்துமீறுபவருக்கு 2017-ல் வந்த 42-வது விதியே போதும்: எதிரணிக்கு 5 ரன், மோசமானால் சில ஓவர்கள் வெளியே, அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டினாலோ கை நீட்டினாலோ அன்றைய ஆட்டம் முழுக்க வெளியே. இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒவ்வொரு கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் வங்கிக் கணக்கில், இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். இறுதி ஆட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் கூட்டம் போட்டு, பந்து, மேட், டீ, அம்பயர் படி என்று வரிவரியாகக் கணக்கு வாசியுங்கள். மிச்சப் பணத்தில் பெரிய கோப்பை வாங்கும் ஆசையை விட்டுவிட்டு இரண்டாவது மேட் வாங்குங்கள். இரண்டு மூன்று ஹெல்மெட்டும் வாங்கிப் பொதுவில் வையுங்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் பேசச் சொல்ல வேண்டியது கடைசி இடம் வந்த அணியின் கேப்டனை. அவருக்கு எந்த ஞாயிறு கஷ்டமாக இருந்தது, எந்த மைதானம் தூரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கிளம்பிப் போகும்முன் அடுத்த சீசனின் முதல் ஞாயிறு எது என்று தேதி குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.